29 வாரத்தில் பிறந்த குழந்தையை மூக்குக் குழாயிலிருந்து வாய்க்குப் பழக்குவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. இப்போது கர்ப்பகாலக் கணக்கிலேயே 33 வாரம் முடிந்து எடை 1,650 கிராம். மூச்சுக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்குக் குழாய் வழியாக 33 மில்லி தாய்ப்பால் போகிறது. முதல் முறை பாட்டிலில் கொடுத்துப் பார்த்தபோது 5 மில்லியை மளமளவென்று குடித்தாள். பிறகு உதட்டைச் சுற்றி நீலம் பாரித்தது, மானிட்டர் அலறியது. அடுத்த வேளை நிப்பிள் உதட்டில் பட்டதுமே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். குழாயை எப்போது எடுப்பார்கள், அவளைச் சீக்கிரம் பழக்க நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாலூட்டப் பழக்குவதுதான் என் வேலை. முதல் கேள்விக்கு யாராலும் தேதி போட்டுப் பதில் சொல்ல முடியாது. ஆனாலும், 28 முதல் 31 வாரத்துக்குள் பிறந்து, நுரையீரலில் பெரிய சிக்கல் இல்லாத குழந்தைகள் பெரும்பாலும் 36, 37 வாரம் வாக்கில் முழுப் பாலையும் வாயாலேயே குடித்துவிடுகிறார்கள். அதற்கும் முன்னால் பிறந்தவர்களும், பல வாரம் ஆக்சிஜனில் இருந்தவர்களும் இன்னும் தாமதமாவார்கள். ஆக உங்கள் மகள் எதிலும் பின்தங்கவில்லை. 'சீக்கிரம்' என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம். இதில் நாம் வேகப்படுத்தக்கூடியது கொஞ்சம். அவசரப்பட்டுக் கெடுத்துவைக்கக்கூடியது நிறைய.

ஏன் என்று புரிந்துகொள்ள, அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்க்கவேண்டும். விழுங்கத் தெரியும். கருவில் ஏறக்குறைய 12 வாரத்திலிருந்தே சிசு பனிக்குட நீரை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. நிறைமாதம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் விழுங்கும். சப்பவும் தெரியும், கருவிலேயே விரல் சப்பும் குழந்தைகளை ஸ்கேனில் பார்க்கிறோம். தெரியாதது ஒன்றுதான்: இவற்றுக்கு நடுவே மூச்சு விடுவது. கருவில் ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்தது. விழுங்கும்போது மூச்சை நிறுத்தவேண்டும், உடனே திரும்ப எடுக்கவேண்டும் என்ற கணக்கே அங்கே தேவைப்படவில்லை. அந்தக் கணக்கைத்தான் இப்போது வெளியே வந்து கற்றுக்கொள்கிறாள்.

ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால் குறைமாதக் குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. 60 என்று வைத்துக்கொண்டால் ஒரு மூச்சுக்கு ஒரு நொடி. பால் குடிக்கும் குழந்தை ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை உறிஞ்சும். இரண்டையும் ஒரே நொடிக்குள் நுழைக்கவேண்டும். மாடிப்படி ஏறிக்கொண்டே பாடுவது போன்ற வேலை இது. நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாராலும் முடியாது. மூச்சு நிமிடத்துக்கு 60, 70-ஐத் தாண்டும் வேளையில் 'இந்த வேளை குழாயிலேயே போகட்டும்' என்று நர்ஸ் சொல்வது இதனால்தான்.

நிறைமாதக் குழந்தை தொடர்ந்தாற்போல் பத்து, இருபது முறை உறிஞ்சும், விழுங்கும், நடுநடுவே மூச்சையும் செருகிக்கொள்ளும். 33, 34 வாரக் குழந்தை அப்படிச் செய்யாது. மூன்று முதல் ஐந்து முறை உறிஞ்சும், நிறுத்தும், நாலைந்து மூச்சு விடும், மறுபடி தொடங்கும். அந்த வயதுக்கு அதுதான் சரியான முறை. அந்த இடைவெளியில் பால் வராமல் இருந்தால் போதும், அவள் சமாளித்துக்கொள்வாள். கவிழ்த்த பாட்டிலிலிருந்து பால் வந்துகொண்டே இருந்தால், வாயில் நிறைகிறதே என்று விழுங்கிக்கொண்டே இருப்பாள். மூச்சுக்கு இடமே கிடைக்காது. உங்கள் மகளுக்கு அன்று நடந்தது அநேகமாக இதுதான். முதல் 5 மில்லியை அவள் 'நன்றாகக் குடித்தாள்' என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் மூச்சையே விடாமல் குடித்திருப்பாள். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்கியது அதன் முடிவு. அடுத்த வேளை வாயை மூடிக்கொண்டாளே, அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுத் திணறிய இடத்துக்கு மறுபடி போக எந்தக் குழந்தையும் விரும்பாது.

இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். பெரியவர்களுக்குப் புரையேறினால் இருமுவோம். குறைமாதக் குழந்தை பல நேரம் இருமாது. குரல்வளையில் பால் பட்டால் மூச்சை நிறுத்திவிடும், இதயத் துடிப்பு இறங்கும், அவ்வளவுதான். ஆகவே 'இருமவில்லை, அதனால் புரையேறவில்லை' என்று முடிவு செய்யக்கூடாது. சத்தமே இல்லாமல் பால் நுரையீரல் பக்கம் போகலாம்.

வயதுக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பால் இல்லாமல் வெறுமனே சப்புவது 28 வாரம் வாக்கிலேயே தென்படும். 32 முதல் 34 வாரத்தில் உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். 37 வாரம் நெருங்கும்போது சீராகும். இது சராசரி. சுவீடனில் ஷெஷ்டின் ஹெட்பெரி நீக்விஸ்ட், 26 முதல் 31 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளை மார்பில் போட்டே பழக்கிக் கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சிலர் 32 வாரத்திலேயே முழுக்கத் தாயிடம் குடித்தார்கள். பாதிப் பேருக்கு 35 வாரமானது. கடைசிக் குழந்தைக்கு 38. '34 வாரம் ஆனால்தான் வாயில் வைப்போம்' என்று காலண்டரைப் பார்த்து முடிவு செய்யும் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. '34 வாரம் ஆகிவிட்டது, குடித்தே ஆகவேண்டும்' என்பதிலும் உடன்பாடில்லை.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை. முதலில் பால் இருக்கவேண்டும். குழந்தை நேராகக் குடிக்காத இந்த வாரங்களில் பம்ப் வைத்தோ கையாலோ நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்சி எடுங்கள். அதில் ஒன்று இரவில் இருக்கட்டும். இப்போது குழந்தைக்குத் தேவைப்படுவது நாளுக்கு 270 மில்லி கூட இல்லை என்று எண்ணிக் குறைத்துக்கொள்ளாதீர்கள். இப்போதே நாளுக்கு 500 முதல் 750 மில்லி வரை சுரந்தால், அவள் மார்பில் பழகும்போது அதிகம் பாடுபடாமலேயே பால் வரும். திறமை குறைந்த குழந்தைக்குச் சுரப்பு நிறைந்த மார்புதான் பெரிய உதவி.

இரண்டாவது, தோலோடு தோலாக மார்பில் வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே சனப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, முடிந்தவரை நீண்ட நேரம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. பாலூட்டலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். குழந்தையின் மூச்சும் துடிப்பும் நிதானப்படுகின்றன, நல்ல தூக்கம் வருகிறது, உங்களுக்குப் பால் சுரப்பு கூடுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அவள் முகம் மார்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பால் வாசனையில் விழித்து, தலையைத் திருப்பி, நாக்கை நீட்டித் தேடத் தொடங்குவாள். முதல் 'பாடம்' பெரும்பாலும் அங்கேதான் தானாக நடக்கும். அப்பாவும் வைத்துக்கொள்ளலாம், நீங்கள் பம்ப் செய்யும் நேரத்துக்கு அது சரியாக இருக்கும்.

மூன்றாவது, குழாயில் பால் போகும்போது வாய் சும்மா இருக்கவேண்டாம். பீய்ச்சி எடுத்து முடித்த மார்பில் அந்த நேரத்தில் சப்பவிடுங்கள். பால் அதிகம் வராது, பயமும் இல்லை. நீங்கள் இல்லாத வேளையில் குறைமாதக் குழந்தைக்கான சிறிய சூப்பான் போதும். வாயில் சப்பும்போதே வயிறு நிறைகிறது என்ற தொடர்பு மூளையில் பதியவேண்டும் என்பதுதான் நோக்கம். இப்படிச் சப்பவிட்ட குழந்தைகள் குழாயிலிருந்து சீக்கிரம் மாறுவதையும், மருத்துவமனையில் இருக்கும் நாள் குறைவதையும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வுகள் காட்டுகின்றன. சூப்பான் வைத்தால் மார்பை மறந்துவிடுவாள் என்ற அச்சம் நிறைமாதக் குழந்தையை வைத்து வந்தது. இவளுக்கு இப்போது அது பொருந்தாது. இதோடு, பஞ்சிலோ சிரிஞ்சிலோ சொட்டுச் சொட்டாக உங்கள் பாலைக் கன்னத்தின் உட்புறம் தடவலாம். சில பிரிவுகளில் பிறந்த முதல் நாட்களிலிருந்தே சீம்பாலை ஒரு கன்னத்துக்கு 0.1 மில்லி என்ற அளவில் இப்படிக் கொடுக்கிறார்கள். விழுங்கவேண்டிய அளவே அல்ல. ருசிக்காகவும் நோய் எதிர்ப்புக்காகவும்தான்.

வாய்க்கு மசாஜ் செய்வது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கன்னம், உதடு, ஈறு, நாக்கு என்று வரிசையாக விரலால் அழுத்தி வருடும் முறைகள் உண்டு. ஒன்று 5 நிமிடம், இன்னொன்று 15 நிமிடம். முழுப் பால் குடிக்கும் நாள் முன்னதாக வருவதாகச் சிறு ஆய்வுகள் பல சொல்கின்றன. பயன் உண்டு என்றே நினைக்கிறேன், ஆனால் பயிற்சி பெற்றவர் முதலில் செய்து காட்டட்டும். வீடியோவைப் பார்த்து நீங்களாக விரலை உள்ளே விடாதீர்கள். குழாய், பிளாஸ்டர், சளி உறிஞ்சும் டியூப் என்று அந்த வாய்க்கு ஏற்கனவே நிறைய நடந்திருக்கிறது. அவள் முகம் சுளித்தால் அன்றைக்கு மசாஜ் வேண்டாம்.

அடுத்தது ஒரு வேளைப் பாலூட்டல். இதை விரிவாகவே சொல்கிறேன். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

கடிகாரம் காட்டும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தானாகக் கண் திறக்கிறாளா, கையை வாய்க்குக் கொண்டுபோகிறாளா, உதட்டோரம் விரலால் தொட்டால் அந்தப் பக்கம் திரும்புகிறாளா, சூப்பானை விடாமல் சப்புகிறாளா. இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் இந்த வேளை முயலலாம். டயப்பர் மாற்றியும் தூக்கக் கலக்கத்திலேயே கையைத் தொங்கவிட்டுக் கிடந்தால் குழாயில் போகட்டும். உள்ளங்காலைச் சுண்டி, ஈரத்துணியால் துடைத்து எழுப்பிக் குடிக்கவைப்பது வேண்டாத வேலை. எழுந்திருப்பதற்கே அவள் பலம் போய்விடும். அழுது ஓய்ந்த குழந்தைக்கும் இதே கதைதான். அழுகை பசியின் கடைசி அடையாளம், அதுவரை காத்திருக்கக்கூடாது.

பாட்டிலில் கொடுப்பதானால் மல்லாக்கப் போட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் மடியில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலை இடுப்பைவிடச் சற்று உயரமாக, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். மெல்லிய துணியால் சுற்றி, இரண்டு கையையும் முகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒருக்களித்திருந்தால் அதிகப்படியான பால் தொண்டைக்குப் போகாமல் கன்னத்தில் தங்கி, வாயோரம் வழிந்துவிடும். அது நல்லது.

நிப்பிளை வாய்க்குள் திணிக்காதீர்கள். மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். அவளாக வாயைத் திறந்து, நாக்கைக் கீழே இறக்கி, உள்ளே இழுத்துக்கொள்ளவேண்டும். முதல் சில சப்பலுக்கு நிப்பிளில் பால் இல்லாமலே இருக்கட்டும். பாட்டிலைக் கிடைமட்டமாகப் பிடித்தால் போதும். பிறகு மெதுவாகச் சாய்த்து நிப்பிள் பாதி நிறையும்படி வையுங்கள். இப்போது எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் தானாக நிறுத்தி மூச்சு விட்டால் நீங்கள் எதுவும் செய்யவேண்டாம். ஐந்தாகியும் நிறுத்தவில்லையென்றால், நிப்பிளை வாயிலிருந்து எடுக்காமலேயே பாட்டிலின் அடிப்பக்கத்தைக் கீழே இறக்குங்கள். பால் பின்வாங்கும். நாலைந்து மூச்சு விடட்டும். மறுபடி அவளாகச் சப்பத் தொடங்கினால் சாயுங்கள். ஆரம்பத்தில் ஒரு வேளையில் பலமுறை இப்படி இறக்கி ஏற்றவேண்டியிருக்கும். ஓரிரு வாரத்தில் அந்த இடைவெளியை அவளே வைத்துக்கொள்வதைப் பார்ப்பீர்கள்.

மானிட்டரைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். எண் இறங்குவதற்குப் பல நொடிகள் முன்பே முகம் சொல்லிவிடும். புருவம் நெரியும். கண் அகலமாக விரிந்து மிரளும். கைவிரல்கள் விசிறியாக விரியும். மூக்கு விடைக்கும். வாயோரம் பால் வழியும். மடக் மடக்கென்று சத்தமாக விழுங்குவாள், நடுவில் மூச்சுச் சத்தமே கேட்காது. தொண்டையில் களகளவென்று ஈரச் சத்தம் வரும். உடல் சட்டென்று தளரும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்ததுமே பாட்டிலை இறக்கிவிடுங்கள். முகம் தெளியவில்லையென்றால் நிப்பிளை எடுத்துவிட்டு நிமிர்த்தி உட்காரவையுங்கள். கொட்டாவி, விக்கல், தும்மல், முகத்தைத் திருப்புதல் ஆகியவை 'போதும்' என்பதற்கான மெல்லிய அறிகுறிகள். இரண்டு மில்லியில் வந்தாலும் இருபதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கண்டிப்பாகச் செய்யக்கூடாத ஒன்று, அவள் தூங்கிவிட்ட பிறகு நிப்பிளை வாயில் சுழற்றுவது, ஆட்டுவது, தாடையை மேலும் கீழும் அசைத்துக் குடிக்கவைப்பது. பால் உள்ளே போகும், அளவுக் கோடும் இறங்கும், குறிப்பேட்டில் நல்ல எண் ஏறும். ஆனால் குடித்தது அவளல்ல, ஊற்றியது நாம். 'மிச்சம் 8 மில்லிதானே, முடித்துவிடலாம்' என்ற ஆசை நர்ஸுக்கும் வரும், தாய்க்கும் வரும். அந்த 8 மில்லிக்குத்தான் குழாய் இருக்கிறது. மொத்தமும் 20 நிமிடம், அதிகம் போனால் 30 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் குடித்துப் பெற்ற சக்தியைவிடச் செலவழித்தது கூடிவிடும். திணித்த பாலின் விலை உடனே தெரியாது. மாதங்கள் கழித்து பாட்டிலைக் கண்டாலே அழும், கரண்டியைக் கண்டாலே குமட்டும் குழந்தையாக வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

நிப்பிளைப் பற்றியும் சொல்லவேண்டும். அட்டையில் 'மெதுவான ஓட்டம்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒரு நிறுவனத்தின் 'மெதுவான' நிப்பிள் இன்னொன்றின் 'நடுத்தர'த்தைவிட வேகமாக இருக்கலாம். ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்குவதும் கூடாது. 'ஓட்டை பெரிதாக இருந்தால் சுலபமாகக் குடிப்பாள்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். உறிஞ்சும் சிரமம் குறையும், மூச்சு விடும் சிரமம் கூடும், அவளுக்கு இருக்கும் சிரமம் இரண்டாவதுதான். பிரிவில் இருப்பதிலேயே மிக மெதுவானதைக் கேளுங்கள். ஒவ்வொரு வேளையும் ஒரே நிப்பிளாக இருக்கட்டும்.

இவ்வளவும் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன், அவளுக்கு அதுதான் கொடுத்திருக்கிறார்கள் என்பதால். முதலில் பாட்டில், அதில் தேறினால் மார்பு என்ற வரிசைக்கு எந்த ஆதாரமும் இல்லை. அமெரிக்காவில் பௌலா மையர் 1988-லேயே காட்டியது இது: குறைமாதக் குழந்தைகள் மார்பில் குடிக்கும்போது ஆக்சிஜன் அளவு நிலையாக நின்றது, அதே குழந்தைகள் பாட்டிலில் குடிக்கும்போது இறங்கியது. காரணம் எளிது. மார்பில் அவள் உறிஞ்சினால்தான் பெரும்பாலும் பால் வரும்; நிறுத்தினால் ஓட்டமும் குறையும். மூச்சுக்கான இடைவெளியை அவளே வைத்துக்கொள்கிறாள்.

தொடங்கும் விதம்: சில நாள் முழுக்கப் பீய்ச்சிய மார்பு, பிறகு முதல் பால் இறங்கும் வேகம் தணியும்வரை பாதி பீய்ச்சிய மார்பு, பிறகு பீய்ச்சாமல் அப்படியே. வலப்பக்க மார்புக்கு இடது கையால் தாங்குங்கள், உள்ளங்கை அவள் தோள்களுக்கு நடுவே, விரல்கள் காதுக்குப் பின்னால். தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள். தலை கனம், கழுத்து பலவீனம்; தாங்காவிட்டால் காம்பிலிருந்து நழுவிக்கொண்டே இருப்பாள். காம்பைக் கவ்வியும் நாலு சப்பலில் நழுவிவிடுகிறாள் என்றால் மெல்லிய சிலிகான் காம்புக் கவசம் உதவலாம். 2000-ல் மையர் குழுவினர் பார்த்தபோது கவசத்தோடு குறைமாதக் குழந்தைகள் கூடுதல் பால் குடித்தார்கள். ஆனால் அளவு சரியாக இருக்கவேண்டும், பாலூட்டல் ஆலோசகர் பார்க்கவேண்டும். எவ்வளவு குடித்தாள் என்று தெரிய, அதே உடையோடு, அதே டயப்பரோடு குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுவார்கள். ஒரு கிராம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லி. பம்பில் எவ்வளவு வருகிறது என்பதை வைத்தோ, எத்தனை நிமிடம் மார்பில் இருந்தாள் என்பதை வைத்தோ கணிக்கமுடியாது.

தாய் இல்லாத வேளைக்குக் கிண்ணமோ, மூக்கு வைத்த பாலாடையோ, கரண்டியோ பயன்படுத்தலாம் என்று எடை குறைந்த குழந்தைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டி சொல்கிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்து நிறுத்தவேண்டும். நாக்கால் நக்கி எடுப்பதும் உறிஞ்சிக் குடிப்பதும் அவள் வேலை. வாய்க்குள் ஊற்றினால் பாட்டிலைவிட ஆபத்து. கிண்ணத்தில் பழகியவர்கள் வீட்டுக்குப் போகும்போது முழுத் தாய்ப்பாலில் இருப்பது கூடுதலாக இருந்தது. ஆனால் ஒரு பெரிய ஆய்வில் அவர்கள் மருத்துவமனையில் ஏறக்குறைய பத்து நாள் கூடுதலாகவும் இருந்தார்கள். என் கருத்து: நேராகத் தாய்ப்பால் கொடுக்கும் எண்ணம் இருந்து, பகலில் பெரும்பாலான வேளை நீங்கள் அங்கே இருக்கமுடியும் என்றால் மார்பும் குழாயுமாகவே ஓட்டுங்கள். முடியாதென்றால் ஒருக்களித்த நிலையில், மெதுவான நிப்பிளில், நிறுத்தி நிறுத்திக் கொடுக்கும் பாட்டிலில் தவறில்லை. பாட்டில் கொடுத்ததற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? முதல் வாரம் நாளுக்கு ஒன்றிரண்டு வேளை முயற்சி. திணறல் இல்லாமல் போனால் வேளைகளைக் கூட்டுவார்கள். நாளின் மொத்தப் பாலில் முக்கால் பங்குக்கு மேல் வாயால் போய், எடையும் ஏறினால் பல பிரிவுகளில் குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். எடை இந்தப் பருவத்தில் நாளுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் ஏறவேண்டும். தாய்ப்பாலில் மருத்துவமனையில் கலக்கும் சத்துப் பொடி (ஃபோர்ட்டிஃபையர்) சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தால், நேராக மார்பில் குடிக்கும் வேளைகள் கூடும்போது அதை எப்படிச் சேர்ப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பலரும் மறந்துவிடும் கேள்வி இது.

ஏற்றம் நேர்க்கோட்டில் இருக்காது. ஒரு நாள் நாலு வேளை குடித்தவள் மறுநாள் ஒரு வேளைகூடக் குடிக்கமாட்டாள். கண் பரிசோதனை நடந்த நாள், தடுப்பூசி போட்ட நாள், தொட்டிலும் அறையும் மாறிய நாள் எல்லாம் அப்படித்தான். ரத்தசோகை இருந்தாலும் சீக்கிரம் களைப்பாள். ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை காரணமே தெரியாமல் குடிப்பதை நிறுத்தி, சோர்ந்து, வயிறு உப்பி, மூச்சை விட்டுவிட்டு எடுத்தால் அது பாலூட்டல் சிக்கலல்ல. கிருமித் தொற்றோ குடல் அழற்சியோ இப்படித்தான் தொடங்கும். அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடவேண்டும்.

38, 40 வாரம் ஆகியும் ஒவ்வொரு வேளையும் சாச்சுரேஷன் இறங்கினால், பால் விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பார்க்கும் சோதனை செய்வார்கள். அதுவரை, பாலைக் கெட்டியாக்கிக் கொடுத்தால் புரையேறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாந்தன் பிசின் சேர்ந்த கெட்டியாக்கி ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-ல் எச்சரித்தது; கொடுத்த சில குழந்தைகளுக்குக் குடல் அழுகல் வந்திருந்தது.

நாளைக்கு என்ன செய்வது என்றால், பாட்டிலை இரண்டு மூன்று நாள் ஒதுக்கிவைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குழாய்ப் பாலோடு காலி மார்பில் சப்பட்டும். வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் தளர்ந்து, தானாகத் தேடத் தொடங்கிய பிறகு, ஒரு நாளில் அவள் அதிகம் விழித்திருக்கும் ஒரே ஒரு வேளையில், முன்பு சொன்ன முறையில். முதல் முயற்சிக்கு அளவு வேண்டாம். நீலம் பாரிக்காமல் 3 மில்லி குடித்தால் அது நல்ல வேளை. கொடுத்தவர் யாராக இருந்தாலும் குறிப்பேட்டில் மில்லியோடு சேர்த்து, எந்த நிலையில் படுக்கவைத்தார், எந்த நிப்பிள், எத்தனை சப்பலுக்கு ஒருமுறை நிறுத்தினார், எந்த அறிகுறியில் முடித்தார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் இடத்தில், அடுத்து வருபவர் அவளை எப்படிப் பிடிக்கவேண்டும் என்பதை அந்த நாலு வரிதான் சொல்லும். வீட்டுக்குப் போகும் நாளில் அந்தத் தாளின் நகலையும், பழகிய அதே நிப்பிளில் இரண்டு மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் சில வாரம் நிலையையும் நிப்பிளையும் மாற்றாதீர்கள், நிறைமாதத் தேதி வரும்வரை பசித்து அழட்டும் என்று மூன்று மணி நேரத்துக்கு மேல் விடவும் வேண்டாம்.